செவஸ்தி கழற்றாத வடம்

கப்பலுக்குக் கயிறு பிடிப்பது ஆம்பளை வேலை என்று சொல்கிறவன் எவனாக இருந்தாலும், பிப்ரவரி மாதத்தில் ஒரு நாள் எங்கள் பெத்ரூசாத் துறையில் வந்து நிற்கட்டும். கப்பல் பின்பக்கமாக வரும். பின்கதவு பாதி இறங்கித் தொங்கும். மேலேயிருந்து ஒரு மெல்லிய கயிற்றை வீசுவார்கள். அதன் நுனியில் கல் மாதிரி ஒரு முடிச்சு இருக்கும், மண்டையில் பட்டால் அவ்வளவுதான். அதைப் பிடித்து இழுத்தால் பின்னாலேயே தொடைத் தண்டி வடம் தண்ணீர் சொட்டச் சொட்ட வரும். அந்த வடத்தின் வளையத்தைத் தூக்கி இரும்பு முளையில் மாட்ட வேண்டும். பிறகு வழுக்குகிற சிமெண்டில் ஓடி, அடுத்த முளையில் அடுத்த வடம். இரண்டு ஆள் செய்ய வேண்டிய வேலை. செவஸ்தி அதை ஒருத்தியாகச் செய்கிறாள், ஏனென்றால் குளிர்காலத்தில் இன்னொரு ஆளுக்குக் கூலி கொடுக்கக் கப்பல் கம்பெனிக்கு மனசு வராது.

நான் அனெஸீனா, மேல் ஊரில் ரொட்டி சுடுகிறவள். செவஸ்தியின் மகள் மோஸ்காவுக்கு ஞானத்தாய் நான்தான். அதனால் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒளிவுமறைவு கிடையாது, சண்டைக்கும் குறைவு கிடையாது. அவளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வந்துவிடும். கோபம் அவள்மேல் இல்லை.

எங்கள் நாட்டை வரைபடத்தில் பார்த்திருப்பீர்கள். பாதி மலை, மீதி கடல். கடலில், யாரோ சோறு தின்ற கையை உதறியதுபோல தீவுகள். உலகத்தில் எந்தத் துறைமுகத்துக்குப் போனாலும் எங்கள் நாட்டுக்காரன் கப்பல் ஒன்று நிற்கும் என்று பெருமையடித்துக்கொள்வார்கள். பொய்யும் இல்லை. செவஸ்தியின் புருஷன் ஸ்தமாதி அப்படி ஒரு கப்பலில்தான் பிரேசிலுக்கும் சீனாவுக்கும் நடுவே சோயா சுமந்துகொண்டு கிடக்கிறான். சீனாக்காரனுக்குச் சோயா போய்ச் சேர்ந்துவிடுகிறது. எங்களுக்கு மாவு மூட்டை வருவதில்லை. வானம் தெளிவாக இருக்கும் நாளில் கிரீட் தீவின் மலை எங்கள் மாடியிலிருந்தே தெரியும். அங்கே விளைகிற தக்காளி நேராக எங்களிடம் வராது. வடக்கே பிரேயஸ் துறைமுகத்துக்குப் போய், லாரி மாறி, கப்பல் மாறி, திரும்பத் தெற்கே வரும். வருவதற்குள் அதற்கு மூஞ்சியெல்லாம் சுருங்கிப்போய்விடும். யார் இந்த வழியைப் போட்டது என்று கேட்டால், பிரேயஸில் உட்கார்ந்திருக்கிறவன் போட்டான். அவனுக்கென்ன, அவன் வீட்டுக்குப் பக்கத்திலேயே மார்க்கெட்.

கோடையில் வந்து பாருங்கள். ஒரே நாளில் மூன்று கப்பல். வடகாற்று ஆகஸ்டில் என்ன போடு போடும் தெரியுமா, நாற்காலியெல்லாம் பறக்கும். ஆனாலும் கப்பல் வரும், அணையும், வெள்ளைத் தொப்பி போட்ட சுற்றுலாக் கூட்டத்தை இறக்கும். அதே காற்று ஜனவரியில் அடித்தால் "அணைய முடியாது" என்பார்கள். நான் ரொட்டிக்காரி, எனக்குக் கடல் தெரியாது. ஆனால் ஆகஸ்டில் ஆகிறது ஜனவரியில் ஏன் ஆகாது என்று கேட்கக் கடல் தெரிய வேண்டியதில்லை. பத்து வெள்ளைத் தொப்பி இல்லாத ஊருக்கு எவன் டீசலை எரிப்பான்?

செவஸ்தி இந்த வேலைக்கு வந்த கதையைக் கேளுங்கள். எங்கள் தீவில் பிள்ளை பெறுவதற்கு இடம் இல்லை. ஒரு சின்ன மருந்தகம், அதில் ஒரு வருஷத்துக்கு ஒரு டாக்டர், படிப்பை முடித்த கையோடு அரசாங்கம் அனுப்பும். வயிற்றுப்பிள்ளைக்காரி நாள் நெருங்குவதற்கு முன்பே கப்பலேறி, ஆஸ்பத்திரி இருக்கிற பெரிய தீவுக்குப் போய், யார் வீட்டிலாவது காத்திருக்க வேண்டும். செவஸ்தியும் முதல் பிள்ளைக்கு அப்படிக் கிளம்பியவள்தான். துறையில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். கப்பல் மலைமுனையைச் சுற்றித் திரும்பியது, பார்த்தது, அப்படியே போய்விட்டது. அடுத்த கப்பலுக்கும் அதே கதை. மூன்றாவது கப்பல் வருவதற்குள், டிக்கெட் வாங்கக் காத்திருக்கிற கூடத்திலேயே பையன் பிறந்தான். ஒரு பகல் இருந்தான். நீலமாகிச் செத்துப்போனான்.

எங்கள் கல்லறையில் அவனுக்கு ஒரு சின்னக் கல் இருக்கிறது, பேர் இல்லாமல்.

நாற்பதாம் நாள் காரியம் முடிந்ததும் நேராக டிக்கெட் ஏஜெண்ட் நோமிக்கோ கடைக்குப் போய் நின்றாள். அந்த வருஷம் கயிறு பிடிக்க ஆள் இல்லாமல் அவன் அல்லாடிக்கொண்டிருந்தான்.

"அந்த வேலையை எனக்குக் குடு," என்றாள்.

"உனக்கு என்ன பைத்தியமா? ஆம்பளைங்களே இடுப்பு உடைஞ்சு ஓடிட்டாங்க."

"உங்க அப்பன் கயிறு பிடிச்ச காலத்துல கப்பல் ரெண்டு வாட்டி துறைல முட்டுச்சு. நான் பிடிச்சா மட்டும் கவுந்துடுமா?"

நோமிக்கோ சிரித்தான். சிரித்தவன் வேலையைக் கொடுத்துவிட்டான். எதற்கு இந்த வேலை, வேறு வேலையே கிடைக்கவில்லையா என்று நான் அவளைத் திட்டினேன். "கயிறு என் கையில இருந்தா, என்னைப் பாக்காம போவ முடியாதில்ல?" என்றாள். அப்போது எனக்கு அது புரியவில்லை, புத்தி கலங்கிப் பேசுகிறாள் என்று நினைத்தேன்.

அவள் வேலை செய்கிற விதத்தைப் பார்த்து மாலுமிகளே அவளுக்குப் பயப்படுவார்கள். வடத்தை மோசமாக இறக்கினால் மேலே நிற்கிறவனின் தாய் தகப்பன் வரைக்கும் போய்த் திரும்புவாள். பின்தளத்து மேஸ்திரி யாக்குமி மட்டும் அவளிடம் வாயாடுவான். "செவஸ்தி, உன்னைக் கட்டிக்கிட்டவன் ஏன் பிரேசிலுக்கு ஓடினான்னு இப்பதான் தெரியுது" என்பான். "வா, உன்னையும் அனுப்பி வைக்கிறேன்" என்பாள் இவள். கப்பல் நிற்கும் பத்து நிமிஷத்தில் இந்தப் பேச்சும் நடக்கும், நான் கொடுத்தனுப்பும் எள் தூவிய வளைய ரொட்டியும் மேலே போகும், மேலேயிருந்து பழைய பத்திரிகைக் கட்டு ஒன்று கீழே வரும்.

இந்த வருஷம் மோஸ்கா உண்டாகியிருந்தாள். அவள் புருஷன் மாந்தோ மீன்காரன், அவனுடைய படகு கோடைக் கடலுக்கு மட்டும் ஆகிற படகு. பள்ளிக்கூடத்தில் ஐந்தாறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு எப்போது மூடுவார்களோ என்று ஊரே பயந்துகொண்டிருக்கும்போது ஒரு பிள்ளை வருகிறதென்றால் சும்மாவா. பாதிரியார் முதல் கழுதைக்காரன் வரை அவள் வயிற்றை விசாரிப்பார்கள். கண் பட்டுவிடுமென்று நான் அவளைப் பார்க்கும்போதெல்லாம் துப்பித் துப்பி என் வாயே உலர்ந்துபோனது.

ஜனவரியிலேயே போய்விடு என்று செவஸ்தி மகளைக் கெஞ்சினாள். எவள் கேட்டாள்? "அங்க போயி மாந்தோவோட அத்தை வீட்டு சோபால ஒரு மாசம் கெடக்கணுமா? நாள் இருக்கும்மா" என்றாள். சரி, பிப்ரவரி முதல் வாரத்துக் கப்பல் என்று முடிவானது. அன்றைக்குக் காற்று நிஜமாகவே பேய்க் காற்று, நாடு முழுக்கக் கப்பலுக்குத் தடை. அதைக் குறை சொல்ல மாட்டேன். அடுத்த கப்பல் வந்தது. பெட்டியோடு துறையில் நின்றோம், மோஸ்கா, மாந்தோ, நான், கையில் கயிற்றுக்காரக் கையுறையோடு செவஸ்தி. கப்பல் முனையைத் திரும்பியது. மூக்கை எங்கள் பக்கம் திருப்பவில்லை. ஹார்ன்கூட அடிக்காமல் போய்க்கொண்டே இருந்தது.

நோமிக்கோவின் போன் அடித்தது. "அணைய முடியலையாம்" என்றான், யாரையும் பார்க்காமல்.

"முயற்சி பண்ணிப் பாத்தானா?" என்று செவஸ்தி கேட்டாள். "திரும்பிக்கூடப் பாக்கலையே நோமிக்கோ. எதை வச்சு முடியலன்னான்?"

"என்னை ஏன் கேக்குற? நான் என்ன கேப்டனா?"

செவஸ்தி கையுறையைக் கழற்றி, போய்க்கொண்டிருந்த கப்பலைப் பார்த்து ஐந்து விரலையும் விரித்துக் காட்டினாள். அதைவிடக் கெட்ட வசவு எங்கள் ஊரில் இல்லை. மாந்தோவும் காட்டினான். நானும் காட்டினேன், இரண்டு கையாலும்.

டாக்டரைக் கூப்பிடலாம் என்றால், அந்தப் பெண் கிறிஸ்துமஸ் விடுமுறையைத் தள்ளிப்போட்டு இப்போதுதான் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தாள். திரும்பி வருவதற்குப் பெட்டியோடு அந்தக் கப்பலில்தான் இருந்தாள். எங்களைத் தாண்டிக் கொண்டுபோய் வேறு தீவில் இறக்கிவிட்டார்கள். ராணுவ ஹெலிகாப்டர் உண்டே என்பீர்கள். உண்டு. உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொன்னால் வரும். டாக்டர் இல்லையென்றால் யார் சொல்வது? ரொட்டிக்காரி சொன்னால் வருவானா? மருந்தகத்து நர்ஸ் போன் பண்ணிக் கேட்டாள். வலி வந்ததும் மறுபடி கூப்பிடுங்கள் என்று வைத்துவிட்டார்கள். அந்தக் காற்றில் ஹெலிகாப்டர் இறங்குமா என்று அவள் கேட்கக்கூட நேரம் கொடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமைக் கப்பலை எல்லோரும் நம்பினோம். காலையில் நோமிக்கோ மேல் ஊருக்கே வந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னான். "இன்னைக்கும் நம்ம ஊரு கெடையாதாம். கம்பெனிலயே சொல்லிட்டாங்க." மோஸ்கா கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். விடிந்ததிலிருந்து இடுப்பில் லேசாக வலிக்கிறது என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள், அம்மாவிடம் சொல்லாதே சித்தி என்று. செவஸ்தி மகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அந்த முகத்தை நான் இதற்கு முன்னால் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன்.

மத்தியானம் நான் கடையை மூடிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. செவஸ்தி.

"அனெஸீனா, கப்பல் வருது. மோஸ்காவை உன் வண்டில போட்டு எறக்கு. சீக்கிரம்."

"வராதுன்னானே?"

"வருதுடி. நோமிக்கோவுக்கு இப்பதான் போன் வந்துச்சு, கயிறுக்கு ஆளை அனுப்புன்னு. கொடாக்கரை ஓட்டலுக்கு லாரி இருக்காம்."

ஏதென்ஸ்காரன் ஒருவன் தெற்கே கொடாக்கரையில் ஓட்டல் கட்டுகிறான். ஒவ்வொரு அறைக்கும் ஒரு நீச்சல்குளம். குடிக்கவே தண்ணீர் கப்பலில் வருகிற தீவில், முன்னால் கடலே இருக்கும்போது, அறைக்கு ஒரு குளம். அந்தக் குளத்துக்குப் பதிக்கிற நீல ஓடு லாரியில் வந்துகொண்டிருந்தது. ஈஸ்டருக்குள் வேலையை முடிக்க வேண்டுமாம். வாராவாரம் லாரி அனுப்புகிறவன் போனை எடுத்தால் காற்று இறங்கிவிடும்போல. வயிற்றுப்பிள்ளைக்காரி துறையில் நின்றபோது முடியாதது, நீல ஓட்டுக்கு முடிந்துவிட்டது.

மாந்தோவும் நானும் மோஸ்காவைத் தூக்காத குறையாக ரொட்டி வண்டியில் ஏற்றினோம். பின்னால் மாவு மூட்டைக்குப் போடுகிற சாக்கை விரித்து அவளை உட்காரவைத்தேன். மேல் ஊரிலிருந்து துறைக்கு வளைந்து வளைந்து இறங்குகிற ஒரே ரோடு. முந்தின நாள் மழையில் பாதி வழியில் மதில் சரிந்து ரோட்டில் கல்லாகக் கிடந்தது. நாங்கள் இருவரும் இறங்கிக் கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தோம். கீழே துறை முழுசாகத் தெரிந்தது. கப்பல் அணைந்துவிட்டது. லாரிகள் வெளியே வந்துவிட்டன. மோஸ்கா உள்ளே பல்லைக் கடித்துக்கொண்டு, "போயிடுவான் சித்தி, போயிடுவான்" என்று அழுதாள்.

அப்போது கப்பலின் ஒலிபெருக்கி கேட்டது. மலை முழுக்கக் கேட்டது.

"கயிறு. கயிறைக் கழட்டு."

செவஸ்தி முளைக்குப் பக்கத்தில் நின்றாள். கழற்றவில்லை.

"ஏய் அம்மா, காது கேக்கலையா? கயிறைக் கழட்டு."

அவள் முளைமேலேயே உட்கார்ந்தாள். வடத்தின் வளையத்துக்கு மேல், கால் இரண்டையும் தொங்கப் போட்டு.

மீதி நடந்ததை யாக்குமி பிற்பாடு என்னிடம் சொன்னான். துறைமுகப் போலீஸ் ஸாஹோ ஓடிவந்திருக்கிறான். வடக்கேயிருந்து வந்தவன், நல்ல பையன்தான், சட்டத்தைத் தவிர வேறொன்றும் படித்ததில்லை.

"அக்கா, எந்திரிங்க. இது குற்றம். கப்பலைத் தடுத்து நிறுத்துறது பெரிய குற்றம்."

"என் பொண்ணு வந்துட்டிருக்கா தம்பி. அதோ பார், மலைல வெள்ளை வண்டி. அவ ஏறட்டும், நானே கழட்டுறேன்."

"அதெல்லாம் கேப்டன் முடிவு பண்ணணும்."

"அவரு ஓடு லாரியை எறக்க முடிவு பண்ணாருல்ல, பொம்பளையை ஏத்தவும் முடிவு பண்ணட்டும்."

ஒலிபெருக்கியில் கேப்டன் கத்தினான், காற்று ஏறுகிறது, கப்பல் துறையில் இடித்தால் யார் பொறுப்பு என்று. செவஸ்தி இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினாளாம். "ஆகஸ்ட்ல இதைவிடக் காத்து அடிச்சப்ப அரைமணி நேரம் நின்னியே, அப்ப யாரு பொறுப்பு?" துறையில் நின்ற ஓட்டல் கட்டுகிற சிமெண்ட் ஆட்களும் காபிக்கடைக்காரனும் கைதட்டியிருக்கிறார்கள்.

கப்பல் பக்கமிருந்து வடத்தை வெட்டிவிடலாம். கேப்டன் வெட்டச் சொல்லிவிட்டான். யாக்குமி பின்தளத்தில் கோடாலியைத் தேடினான். தேடினான், தேடினான், மாட்டியிருக்கிற இடத்தைத் தவிர எல்லா இடத்திலும் தேடினான். "கோடாலியைக் காணோம் கேப்டன்" என்று அவன் மேலே சொன்னபோது அதன்மேல் அவனே தன் மழைக்கோட்டை மாட்டி மறைத்திருந்தான்.

நாங்கள் கடைசிக் கல்லைப் புரட்டி விட்டு இறங்கினோம். வண்டியைக் கப்பலுக்குள்ளேயே ஓட்டிக்கொண்டு போனேன், பின்கதவுமேல் ஏறி. மோஸ்காவை இரண்டு மாலுமிகள் கைத்தாங்கலாக மேலே கூட்டிப்போனார்கள், மாந்தோவும் கூடவே போனான். நான் வண்டியைப் பின்பக்கமாகவே ஓட்டித் துறைக்கு இறக்கியதும்தான் செவஸ்தி முளையிலிருந்து எழுந்தாள். வடத்தைக் கழற்றித் தண்ணீரில் போட்டாள், ஓடிப்போய் அடுத்ததையும் கழற்றினாள். மகள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, வேலையில் கண்ணாக இருந்தாள். கப்பல் நகர்ந்த பிறகுதான் தரையில் உட்கார்ந்து, ஈரச் சிமெண்டில் தலையை வைத்து அழுதாள்.

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்தில் மோஸ்காவுக்குப் பெண் பிறந்தது. கொடி கழுத்தில் சுற்றியிருந்ததாம். இங்கே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த டாக்டர் வாயாலேயே மாந்தோவிடம் சொல்லியிருக்கிறார். ஞானஸ்நானம் வரைக்கும் பிள்ளைக்குப் பேர் கிடையாது, பாப்பாதான். ஆனால் பேர் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். எங்கள் வழக்கப்படி தலைப்பெண்ணுக்கு அம்மாவைப் பெற்றவள் பேர். ஈஸ்டருக்குப் பிள்ளையோடு வருகிறேன், நம்ம கோயிலிலேயே பேர் வைக்கலாம் என்று மோஸ்கா அத்தை வீட்டிலிருந்து போனில் சொன்னாள்; மாந்தோ மட்டும் படகைப் பார்க்கத் திரும்பி வந்திருந்தான். நான் அதற்காகப் பிசைய வேண்டிய மாவைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். தொட்டிலுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தாள் செவஸ்தி.

அப்போதுதான் ஸாஹோ சம்மன் கொண்டுவந்து கொடுத்தான். கம்பெனி வழக்குப் போட்டிருந்தது. கப்பல் போக்குவரத்தைத் தடுத்தாள், பயணிகள் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினாள். பெரிய தீவில் கோர்ட். வேலையிலிருந்தும் நீக்கு என்று நோமிக்கோவுக்கு உத்தரவு. அவன் பாவம், ஆள் தேடிப் பார்த்தான். காபிக்கடையில் ஒவ்வொருவனிடமும் போய்க் கேட்டான். ஒருவனுக்கு முதுகு வலி, ஒருவனுக்கு முழங்கால், கழுதைக்காரனுக்குத் தண்ணீரைக் கண்டால் மயக்கம். தீவில் பிறந்து வளர்ந்தவனுக்குத் தண்ணீரைக் கண்டால் மயக்கமாம். நோமிக்கோ புரிந்துகொண்டான். கம்பெனிக்கு ஆள் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டு, அவளையே கயிறு பிடிக்கச் சொன்னான்.

கோர்ட்டுக்கு நாங்கள் எல்லோரும் போவதென்று முடிவு. நான், நோமிக்கோ, காபிக்கடைக்காரன், பாதிரியார்கூட. சாட்சி சொல்ல வருகிறேன் என்று யாக்குமியும் பெரிய தீவில் லீவு போட்டுக்கொண்டு காத்திருந்தான். செவஸ்தி வக்கீலிடம் சொல்லியிருந்தது ஒன்றே ஒன்று. "நான் செஞ்சேன். இல்லன்னு சொல்லாதீங்க. எதுக்குச் செஞ்சேன்னு மட்டும் நான் பேசணும், என்னைப் பேச விடுங்க." அந்தப் பேச்சை அவள் அடுப்படியில், துணி காயப்போடும்போது, கோழிக்குத் தீனி போடும்போது எல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். செத்த பையனில் ஆரம்பிப்பாள். இத்தனை வருஷத்தில் அவனைப் பற்றி அவள் வாய் திறந்து நான் கேட்டது அப்போதுதான்.

விசாரணைக்கு முந்தின கப்பலில் போகலாம் என்றிருந்தோம். அது வரவில்லை. எஞ்சினில் கோளாறாம். சரி, விசாரணை அன்று விடிகாலைக் கப்பலில் ஏறினால் நேரத்துக்குப் போய்விடலாம் என்றான் நோமிக்கோ. விடியும்போது எல்லோரும் துறையில் நின்றோம், ஞாயிற்றுக்கிழமை உடுப்போடு. செவஸ்தி என்னுடைய கறுப்புக் கோட்டைப் போட்டிருந்தாள், தோளில் கொஞ்சம் இறுக்கம். அதற்கு மேல் கையுறையை மாட்டியிருந்தாள், கயிற்றை அவள்தானே பிடிக்க வேண்டும். தன்னைத் தண்டிக்கக் கொண்டுபோகிற கப்பலைத் தானே கட்டி, தானே அவிழ்த்துவிட்டு, ஓடி ஏற வேண்டும். வேறெந்த ஊரில் இந்தக் கூத்து உண்டு?

காற்று இருந்தது. பெரிய காற்று இல்லை. கப்பல் முனையைத் திரும்பியது, நாங்கள் பெட்டியைத் தூக்கினோம். துறைப் பக்கம் அது திரும்பவில்லை. வெள்ளையாக, விளக்கெல்லாம் எரிந்துகொண்டு, எங்களைத் தாண்டிப் போனது.

நோமிக்கோவின் போன் அடித்தது. அவன் எடுக்கவில்லை. என்ன சொல்வார்கள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். பாதிரியார் அங்கி போட்ட கையைத் தூக்கி ஐந்து விரலையும் விரித்தார். கடவுள் என்னை மன்னிக்கட்டும், அதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

யாரும் வீட்டுக்குப் போகவில்லை. மத்தியானம் மோஸ்கா கூப்பிட்டாள். கோர்ட்டில் அவள் மட்டும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறாள். செவஸ்தி போனை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள்.

"உன் பேரைக் கூப்பிட்டாங்கம்மா. நான் எந்திரிச்சு, கப்பல் வரலைங்க ஐயா, துறைலதான் நிக்கிறாங்கன்னு சொன்னேன். கம்பெனி வக்கீலே ஒத்துக்கிட்டாரு, ஆமா, இன்னைக்கு அணைய முடியலன்னு. ஜட்ஜ் என்ன கேட்டாரு தெரியுமா? முந்தின கப்பல்ல வந்திருக்கலாமேன்னாரு. அதுவும் வரலைன்னேன். அதுக்கு முந்தினதுல வந்து தங்கியிருக்கணும், கோர்ட்னா வெளையாட்டான்னாரு."

"யாக்குமி?"

"அவரைப் பேசவே விடலம்மா. நீ இல்லாமயே முடிச்சுட்டாங்க. ஜெயில்தான். உடனே போக வேண்டாமாம். மறுபடி இப்படிப் பண்ணினா போகணுமாம்."

எனக்கு வாயில் வந்த வார்த்தைகளை இங்கே சொல்ல முடியாது. பாதிரியார் இருந்தார், அதனால் விழுங்கினேன். செவஸ்தி கையுறையைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"பாப்பா பால் குடிச்சாளா?" என்று கேட்டாள்.

"குடிச்சா. என் தோள்ல தூங்குறா. அம்மா, நீ கவலைப்படாத. ஈஸ்டருக்கு நாங்க அங்க இருப்போம்."

"வேண்டாம்."

"என்னம்மா?"

"வேண்டாம்டி. அங்கயே வீடு பாரு. மாந்தோவையும் நான் அனுப்பி வைக்கிறேன், அங்க இல்லாத மீனா. பிள்ளையைத் தூக்கிட்டு இந்தத் தீவுப் பக்கம் வராத. அவளுக்கு ஒரு நாள் ராத்திரி ஜுரம் வந்தா நான் மறுபடி முளைமேல ஒக்காரணும், ஜெயிலுக்குப் போறேன், அது ஒண்ணுமில்ல. ஆனா கப்பலே வரலைன்னா நான் எதுமேல ஒக்காருவேன்? அங்கயே இரு."

மோஸ்கா அந்தப் பக்கம் அழுதாள். இவள் அழவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலைரோட்டில் ஏற ஆரம்பித்தாள், என் கோட்டோடு. நான் அவள் பின்னாலேயே போனேன். இவ்வளவு வருஷமாக அவளிடம் சண்டை போட்டு வந்தவள் நான். அப்படிச் சொல்லாதேடி, நம்ம ஊர் பிள்ளைடி என்று சொல்ல நினைத்தேன். என்னால் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அவள் சொன்னது சரி.